கொக்கு மார்க் ஜீப்

நான் வேலையை விட்டு இரண்டு வருடத்துக்கு மேலாகிறது. இருந்தாலும் பதுளைக்குச் சாமான் வாங்க வரும் நாட்களில், பசறை வீதியில் இருக்கும் எங்கள் பழைய கராஜுக்குள் ஒரு தடவை தலையை நீட்டாமல் திரும்புவதில்லை. போன மாதம் அப்படிப் போனபோது அங்கே வேலை செய்கிற இரண்டு பேர் ஒரு ஃபோனைப் பார்த்துச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். தாழ்ந்த, வேகமான கார்களுக்கே பேர்போன ஏதோ ஒரு ஐரோப்பியக் கம்பனி இன்னுமொரு உயரமான வண்டியை, அதுவும் மின்சாரத்தில் ஓடுகிற ஒன்றை, வெளியே விடப்போகிறதாம். அந்தக் காரை நேசிக்கிறவர்கள் உலகமெல்லாம் கொதித்துப்போய் எழுதுகிறார்கள். “இது எங்கள் மார்க் இல்லை” என்கிறது ஒரு கூட்டம். “பெயர் இருந்தால் போதும்” என்கிறது இன்னொரு கூட்டம்.

“கணேசண்ணே, நீங்க கொக்கு ஜீப்புல வேல செஞ்சிருக்கீங்கதானே? சொல்லுங்க, அது கொக்கா இல்லியா?” என்று என்னைப் பிடித்துக்கொண்டார்கள்.

நின்றபடி சொல்லக்கூடிய பதிலாக இருந்தால் சொல்லியிருப்பேன். இந்தக் கேள்வியை முதன்முதலில் கேட்டபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. பணக்காரர்களுக்கு வேறு வேலை இல்லை என்று நினைத்தேன். அந்தச் சிரிப்பு எப்படிப் போனது என்பதைச் சொல்வதென்றால், ஒரு சித்திரை விடுமுறையில் மலைமேல் நடந்ததை முதலிலிருந்து சொல்லவேண்டும்.

நான் ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, தோட்ட வேலைக்குப் பெயர் கொடுக்கும் காலைப் பெரட்டுக்குப் போக மனமில்லாமல் டவுனுக்கு இறங்கி, கராஜில் எண்ணெய் துடைக்கச் சேர்ந்தேன். அடி, திட்டு, வெந்த கை எல்லாம் எல்லோருக்கும் உள்ளதுதான். கொழுந்து லொறி, பஸ், தோட்டத்து டிராக்டர் என்று பழகி, என்னையும் ஒரு மெக்கானிக் என்று நாலு பேர் சொல்லும் நிலைக்கு வர வெகுகாலம் ஆனது. அதற்குப் பிறகுதான் சூசை பாஸுக்கு அடுத்த ஆளாக வேலை செய்யும் இடம் எனக்குக் கிடைத்தது.

எங்கள் பக்கம் கைத்தொழில் தெரிந்த மூத்தவரை பாஸ் என்போம். சூசை பாஸ் தெமோதரைக்காரர். ஒடிசலான உடம்பு. சட்டைப்பையில் எப்போதும் மடித்த கைலேஞ்சி. ஒரு வண்டி வந்து நின்றதும் எங்களுக்கெல்லாம் கை பரபரக்கும். பொனட்டைத் திறக்கப் போவோம். பாஸ் விடமாட்டார். முதலில் வண்டிக்காரரைப் பேசவிடுவார். “என்ன சத்தம்? எப்ப வருது? மேட்டுலயா, பள்ளத்துலயா? மழையிலயா, வெயில்லயா?” அவர் சொல்லி முடிக்கும் வரைக்கும் யாரும் ஸ்பானரைத் தொடக்கூடாது. பிறகு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வண்டியை ஒருமுறை சுற்றி வருவார். ஒவ்வொரு டயரிலும் புறங்கையை வைத்துச் சூட்டைப் பார்ப்பார். அதற்குப் பிறகும் “இதுதான்” என்று சொல்லமாட்டார். “இருக்கலாம்” என்பார். அந்த “இருக்கலாம்” எங்களை எரிச்சல்படுத்தும். வண்டிக்காரர்களை இன்னும் அதிகமாக.

கொழும்பிலிருந்து ஒரு கார் சங்கம் வருடாவருடம் சித்திரையில் எங்கள் ஊவா மலைப்பக்கம் வரும். எல்லாம் ஒரே மார்க். கம்பனி பெயர் எங்கள் வாயில் நுழையாது. மூக்கில் ஒரு நாரையின் படம் இருக்கும். எங்கள் ஆட்கள் அதைக் கொக்காக்கிவிட்டார்கள். கொக்குக் கார். இரண்டு கதவு, இரண்டு பேருக்குத்தான் இடம். உட்கார்ந்தால் தரையோடு தரையாகக் கால் நீட்டிப் படுத்த மாதிரி இருக்கும். சங்கத்துக்காரர்கள் ஸ்பிரிங்வெளிக்கு மேலே, முன்பு தோட்டத்துத் துரை இருந்து இப்போது விடுதியாகிவிட்ட ஒரு பங்களாவில் தங்குவார்கள். மறுநாள் வரிசையாக மலைப்பாதையில் இறங்கிப் பதுளைக்கு வந்து, பண்டாரவளைப் பக்கம் போவார்கள். இறங்குவதற்கு முன் ஒவ்வொரு காரையும் பார்த்து, சரியென்றால் பக்கக் கண்ணாடியில் ஒரு வெள்ளைத் துணித் துண்டைக் கட்டிவிடுவது எங்கள் வேலை. துணி கட்டாத கார் வரிசையில் போகாது. அதில் பாஸ் சொல்வதுதான் முடிவு.

சங்கத்தின் தலைவர் விசுவநாதன் சார். கொழும்பு புறக்கோட்டையில் இரும்பு வியாபாரம். எழுபதை நெருங்கியவர். அவருடைய சிவப்புக் கொக்கு, அவர் கல்யாணம் கட்டுவதற்கு முன்பே வாங்கியது. அதன் ஒவ்வொரு ஆணியும் அவருக்குத் தெரியும். வெறும் பேச்சில்லை, அவரே கீழே படுத்துக் கழற்றிப் பூட்டுவார். அந்தச் சங்கத்தை அவரோடு சேர்ந்து தொடங்கியவர் ஜெரோம் சார். இருவரும் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டாளிகள். ஜெரோம் சாரின் மனைவி ரோஸ்லின் அம்மா ஒரு வருடம்கூடத் தவறாமல் பக்கத்து சீட்டில் வருவார். மடியில் வரைபடத்தை வைத்துக்கொண்டு வளைவு வளைவாக வழி சொல்வதும் அவர்தான். “பாஸ், பின்பக்கம் ஏதோ முனகுது, கேட்டுப் பாருங்க” என்று எங்களிடம் முதலில் வந்து சொல்வதும் அவர்தான். பெரும்பாலும் சரியாக இருக்கும்.

வெளிநாட்டு வண்டி நாட்டுக்குள் வருவது நின்றிருந்த காலம் அது. ஒரு சித்திரையில் பங்களா முற்றத்தில் தாழ்ந்த கார்கள் வரிசையாக நிற்க, கடைசியில் கேட்டுக்குள் ஒரு பெரிய வெள்ளை ஜீப் நுழைந்தது. எங்களுக்கு உயரமான வண்டியெல்லாம் ஜீப்தான். உள்ளே தோல் சீட், மரப் பலகை வைத்த டாஷ்போர்ட், பெரிய வீட்டு மண்டபம் மாதிரி. முன் மூக்கில் அதே கொக்கு.

ஓட்டி வந்தவர் ஜெரோம் சார். இறங்கி வந்து மறுபக்கக் கதவைத் திறந்தார். ரோஸ்லின் அம்மாவுக்கு முந்தின வருடம் பாரிசவாதம் வந்திருந்தது எங்களுக்குத் தெரியாது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய், “ஆமா”, “இல்ல” என்று ஓரிரு சொல் மட்டுமே மிச்சம். தாழ்ந்த காருக்குள் அவரை இறக்கவும் முடியாது, இறக்கினால் தூக்கவும் முடியாது. ஜெரோம் சார் தன் காரை விற்று, யாரோ வைத்திருந்த இந்த ஜீப்பை வாங்கியிருந்தார். கொக்கு மார்க் வேண்டும், மனைவியும் ஏறவேண்டும். இரண்டுக்கும் சேர்த்து நாட்டில் இருந்தது அந்த ஒன்றுதான்.

அன்று பின்னேரம் முற்றத்து மரத்தடியில் தேத்தண்ணி குடித்தபடி அவர்கள் பேசியது பக்கத்து லொறி ஷெட்டில் இருந்த எங்களுக்கு நன்றாகக் கேட்டது.

“ஜெரோம், நீ வர்றதப் பத்தி ஒண்ணுமில்ல. வண்டியப் பத்தித்தான் பேச்சு,” என்றார் விசுவநாதன் சார். “சங்கத்து சட்டம் ரெண்டு கதவுன்னு நாம ரெண்டு பேரும் உக்காந்து எழுதினது.”

“அப்ப இந்த மார்க்ல வேற வண்டி கெடையாதுடா. இப்ப இருக்கு. அதே கம்பனி, அதே கொக்கு.”

“கொக்கு யாரு வேணும்னாலும் ஒட்டலாம். கீழ போய்ப் பாரு. பாதி சாமான் வேற கம்பனியோடது.”

“ஒன் காருல மட்டும்? ஒன் கியர் பொட்டி என்ன வண்டியோடதுன்னு சொல்லவா?”

“பாண் ரொட்டி விக்கிற வேனோடது. எனக்குத் தெரியாதா?” விசுவநாதன் சார் கொஞ்சமும் அசரவில்லை. “சாமான் யாரோடதுங்கிறது இல்ல பேச்சு. அந்தக் கார் எதுக்காக செஞ்சதுங்கிறதுதான். ரெண்டு பேர், ஒரு ரோடு, வேற ஒண்ணும் வேணாம். எல்லாத்தையும் எல்லாரையும் ஏத்திக்கிட்டுப் போறதுக்கு உலகத்துல ஆயிரம் வண்டி இருக்கு.”

“இந்த ஜீப்ப வித்த காசுலதான் கம்பனி உயிர் பிழைச்சுது. இல்லாட்டி எப்பவோ மூடியிருப்பான்.”

“பிழைச்சுது, சரி. யாரா பிழைச்சுது?”

சங்கத்தில் இருந்த ஓர் இளம் டாக்டர், “ஜீப் பின்னால வரட்டும் அங்கிள், வரிசையில சேராம,” என்று சமாதானம் பேசினார். நாளைக்கு இறங்குவதற்கு முன் வோட்டு எடுப்பது என்று முடிந்தது.

அந்தக் கடைசிக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. என் மனைவி தேயிலை ஃபெக்டரியில் வேலை செய்தவள். ஒரு காலத்தில் வெளியாட்களின் கொழுந்தையும் வாங்கி அரைத்துத் தோட்டத்து மார்க்கிலேயே பெட்டி அடிப்பார்கள் என்று சொல்லுவாள். அப்படிச் செய்யாவிட்டால் ஃபெக்டரியை மூடவேண்டிய நிலை. “அப்ப அது நம்ம தோட்டத்துத் தேயிலதானா?” என்று அவளை ஒருநாள் கேட்டேன். “ருசி பாக்குறவர் ஒண்ணும் சொல்லலியே” என்றாள். பிறகு கொஞ்ச நேரம் கழித்து, “ஆனா எங்களுக்குத் தெரியும்” என்றாள். மரத்தடிப் பேச்சைக் கேட்டபோது எனக்கு அது ஞாபகம் வந்தது. இரண்டு பக்கமும் நியாயம் இருப்பதாகத் தோன்ற, சிரிப்பு கொஞ்சம் அடங்கியது.

மறுநாள் காலை பாஸ் ஒவ்வொரு காராகப் பார்த்துத் துணி கட்டிக்கொண்டே வந்தார். வரிசை முடிந்ததும் ஜீப்பை நோக்கி நடந்தார்.

“அது வரிசையில இல்ல பாஸ். வேல மெனக்கெட வேணாம்,” என்றார் விசுவநாதன் சார்.

“மலையில எறங்கப் போற வண்டிதானே சார். பாத்துட்டாப் போச்சு.”

வழக்கம் போல முதல் கேள்வி. “என்ன சத்தம் சார்?”

“ஒண்ணுமில்ல பாஸ். வெண்ண மாதிரி ஓடுது,” என்றார் ஜெரோம் சார். முப்பது வருடம் கொக்கின் உறுமலுக்குள் உட்கார்ந்து அவருக்குக் காது மந்தம். அது எல்லோருக்கும் தெரியும்.

ரோஸ்லின் அம்மா முன் சீட்டிலேயே உட்கார்ந்திருந்தார். “இல்ல,” என்றார்.

“என்ன ரோஸ்? ஒண்ணுமில்லியே?”

“இல்ல. இல்ல.” அவர் முகம் சிவந்தது. நல்ல கையான இடது கையால் கதவின் உள்பக்கத்தைத் தட்டினார். டொக். டொக். டொக். எங்களைப் பார்த்தார். மறுபடியும் தட்டினார்.

“அவளுக்கு அப்பப்ப இப்பிடித்தான். கோவம் வந்தா தட்டுவா,” என்று ஜெரோம் சார் மெதுவாகச் சொன்னார்.

பாஸ் குனிந்து அம்மாவின் முகத்துக்கு நேராக வந்தார். “சத்தமாம்மா?”

“ஆமா!” அந்த ஒரு சொல் முற்றம் முழுக்கக் கேட்டது.

கதவுப்பக்கம் தட்டியதால், இடப்பக்கச் சக்கரத்தில்தான் கோளாறு என்று பாஸ் நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஜாக்கி போட்டுத் தூக்கி, முன் சக்கரத்தையும் பின் சக்கரத்தையும் ஆட்டிப் பார்த்தோம். ஆட்டமில்லை. கழற்றினோம். பிரேக் சுத்தம், பெயாரிங் சுத்தம். மற்றவர்கள் புறப்படத் தயாராகி நேரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஜெரோம் சாருக்கு வெட்கமாகிவிட்டது. “விடுங்க பாஸ், நான் கடைசியா மெதுவா வாறேன்,” என்றார்.

பாஸ் கைலேஞ்சியால் கையைத் துடைத்தார். “நாங்க ரெண்டு பேரும் அம்மாவக் கூட்டிக்கிட்டு ஒரு டெஸ்ட் போய்ட்டு வரவா சார்?”

“நானும் வாறேன்.”

“நீங்க பேசுவீங்க சார்.”

ஜெரோம் சார் மனைவியைப் பார்த்தார். ரோஸ்லின் அம்மா “ஆமா” என்று தலையாட்டினார். யாரோ சிரித்தார்கள்.

பாஸ் ஓட்டினார். நான் பின் சீட்டின் நடுவில் முன்னுக்குச் சாய்ந்து, அம்மாவின் இடது கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். “சத்தம் கேக்குறப்போ கேக்குற மாதிரியே தட்டுங்கம்மா,” என்று பாஸ் சொல்லியிருந்தார். பங்களாவுக்கு மேலே போகும் ஏற்றத்தில் வண்டி மெதுவாக எழும்பியபோது விரல்கள் ஆரம்பித்தன.

“தட்டுறாங்க பாஸ்.”

எனக்கு எதுவும் கேட்கவில்லை. பாஸுக்கும் கேட்கவில்லை. உள்ளே அவ்வளவு அமைதியான வண்டி. பாஸ் அதே வேகத்தில் கியரை மட்டும் மாற்றினார். எஞ்சின் சத்தம் மாறியது. விரலின் வேகம் மாறவில்லை. “எஞ்சின் இல்ல,” என்றார். வளைவில் இடப்பக்கம் திருப்பினார், வலப்பக்கம் திருப்பினார். விரல் அப்படியே இருந்தது. “சக்கரமும் இல்ல.” வேகத்தைக் கொஞ்சம் கூட்டினார். விரலும் வேகமெடுத்தது. பிறகு எக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தார்.

விரல்கள் நின்றன.

“நின்னுடுச்சு பாஸ்.”

மறுபடியும் மிதித்தார். மறுபடியும் தட்டல். ரோஸ்லின் அம்மா இப்போது சிரித்தபடி தட்டினார். இடது பாதத்தைத் தரையில் இரண்டு தடவை அழுத்தி, தரையைக் காட்டினார். அவருக்கு அது காதில் விழவில்லை. உணர்வு இருந்த அந்த ஒரு காலின் வழியாக ஏறியிருக்கிறது. ஜெரோம் சாரிடம் எத்தனை நாளாகச் சொல்லிப் பார்த்தாரோ.

“இழுக்குறப்போ மட்டும் வருது. ரோட்டு வேகத்தோட போகுது. நடுவுல வருது,” என்றார் பாஸ். “ஷாஃப்ட்டா இருக்கலாம்.”

எஞ்சினின் பலத்தைப் பின் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் நீண்ட இரும்புத் தண்டு வண்டியின் அடிவயிற்றில் ஓடும். அதை நடுவில் ஒரு பெயாரிங் தாங்கும். அந்த பெயாரிங்கைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம். லொறி ஷெட்டில் தோட்டத்து லொறிகளுக்கு வெட்டின பழைய குழி ஒன்று இருந்தது. ஜீப்பை அதன் மேல் நிறுத்தி, மூடியிருந்த தகட்டைக் கழற்றி, நான் கையை விட்டுப் பார்த்தேன். ரப்பர் முக்கால்வாசி கிழிந்து, தண்டு தொங்கிக்கொண்டு கிடந்தது. ஒவ்வொரு இழுப்புக்கும் அது மேலே எழும்பித் தரைத்தகட்டை இடித்திருக்கிறது. மிச்சமிருந்த ரப்பரும் அந்த இறக்கத்தில் விட்டிருந்தால் தண்டு கழன்று தரையில் குத்தி வண்டியையே புரட்டியிருக்கலாம். ஸ்பிரிங்வெளிப் பாதையில் ஒருபக்கம் மண்மேடு, மறுபக்கம் ஒன்றுமில்லை.

டார்ச் வெளிச்சம் அசைந்தது. திரும்பினால், வெள்ளைச் சட்டையோடு விசுவநாதன் சார் குழிக்குள் இறங்கி என் பக்கத்தில் நின்றார்.

“கொஞ்சம் தள்ளுங்க.” விரலை விட்டுத் தடவிப் பார்த்தார். “அவ கேட்டிருக்கா பாருங்களேன்,” என்றார்.

அந்த சாமான் நாட்டிலேயே இல்லை. கொழும்புக்கு இரண்டு மூன்று ஃபோன் போட்டுப் பார்த்தார்கள். கப்பல் வந்தால்தான் என்றார்கள். பழைய டயரில் வெட்டி அடைத்துப் பார்த்தோம். கடினம், தண்டு நடுங்கியது. டியூப் ரப்பர் மிருது, நசுங்கிவிட்டது. ஜெரோம் சார் ஷெட்டின் வாசலில் மனைவியின் சக்கர நாற்காலியைப் பிடித்தபடி நின்றார். “நாங்க இங்கயே தங்கிடுறோம். லொறி வச்சுக் கொண்டுபோறேன். நீங்க போங்கடா,” என்றார். ரோஸ்லின் அம்மா “வேணாம்” என்றார். யாரைப் பார்த்துச் சொன்னார் என்று தெரியவில்லை.

விசுவநாதன் சார் தன் காருக்குப் போனார். பின்மூடிக்குள்ளிருந்து எண்ணெய்க் காகிதத்தில் சுற்றிய ஒரு பொதியைக் கொண்டுவந்து பாஸின் கையில் வைத்தார். அவருடைய சிவப்புக் காருக்கான அதே விதமான ரப்பர் வளையம், புதிது.

அளந்து பார்க்கும்போது எல்லோரும் குனிந்து நின்றார்கள். பொருந்திவிட வேண்டும் என்று நான் உள்ளுக்குள் வேண்டிக்கொண்டேன். பொருந்தினால் மரத்தடிச் சண்டையே முடிந்துவிடும், இரண்டும் ஒரே இரத்தம் என்று. பாஸ் நிமிர்ந்து இல்லையென்று தலையாட்டினார்.

“பொருந்தாது சார். அளவே வேற.”

“தெரியும். எப்பிடிப் பொருந்தும்?” என்றார் விசுவநாதன் சார். “ரப்பர் நல்ல ரப்பர். வெட்டி அடைங்க.”

பாஸ் கத்தியை எடுக்கவில்லை. “இது இனிமே கெடைக்குமா சார்?”

“செய்றத நிப்பாட்டி ரொம்ப நாளாச்சு. எங்கிட்ட இருக்கிறது இது ஒண்ணுதான்.”

“வெட்டினா ஒட்ட முடியாது.”

“பாஸ், நான் இரும்பு வியாபாரி. வெட்டினா என்னாகும்னு எனக்குத் தெரியும்.” பிறகு வாசல் பக்கம் திரும்பாமலே குரலை உயர்த்தினார். “டேய் ஜெரோம், இத வச்சதால இது கொக்காயிடும்னு நெனைச்சுடாத.”

ஜெரோம் சார் வந்ததிலிருந்து முதல் தடவையாகச் சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்.

பாஸ் கிழிந்த இடங்களுக்கு அளவாக ஆப்புப் போலச் சீவிக் கொடுக்கக் கொடுக்க, நான் குழிக்குள் நின்று ஒவ்வொன்றாக இறுக்கிச் செருகி, இரும்புப் பட்டி போட்டுக் கட்டினேன். அவ்வளவு கவனமாக நான் வாழ்க்கையில் ஒரு வேலையும் செய்ததில்லை. ஒரு துண்டு தவறினால் இன்னொரு துண்டுக்கு எங்கே போவது?

மறுபடியும் டெஸ்ட். அதே பாஸ், அதே முன் சீட்டில் அம்மா, பின்னால் நான். கதவை மூடப்போகும்போது விசுவநாதன் சார் வந்து, “நானும் வாறேன். பேச மாட்டேன்,” என்று ஏறி அம்மாவுக்குப் பின்னால் உட்கார்ந்தார். அப்படி ஒரு வண்டியில் அவர் ஏறியது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். பெல்ட் எங்கே இருக்கிறது என்று தேடினார்.

இந்தத் தடவை பாஸ் இறக்கத்தில், வரிசை போகவிருந்த பாதையிலேயே கொஞ்ச தூரம் போய், திரும்பி ஏற்றத்தில் இழுத்தார். நான் அந்தக் கையையே பார்த்திருந்தேன். விரல்கள் மடியில் அமைதியாகக் கிடந்தன. பாஸ் ஏற்றத்தில் நிறுத்தி எடுத்தார், மிதித்தார், விட்டார். ஒன்றுமில்லை.

“சரியாம்மா?”

“ஆமா.”

பிறகு அந்தக் கை மெதுவாக எழும்பியது. ஆனால் அவர் தட்டவில்லை. ஜன்னலுக்கு வெளியே நீட்டினார்.

“அங்க,” என்றார். பாஸ் வண்டியை ஓரமாக நிறுத்தினார்.

பாதையோரத்துத் தேயிலைச் செடிகளுக்கு அப்பால், கீழே சரிவில் தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயங்கள் இரண்டு வரிசையாக இருந்தன. தகரக் கூரைகள், கொடியில் காயும் துணிகள், சிவப்பும் மஞ்சளும் பூசிய சின்னக் கோயில், தண்ணீர்ப் பீலியில் பாத்திரம் கழுவுகிற பெண்கள். சித்திரைக்கு அடித்த புதுச் சுண்ணாம்பு வெயிலில் கண்ணைக் கூசவைத்தது.

விசுவநாதன் சார் கண்ணாடியை இறக்கிவிட்டு எட்டிப் பார்த்தார். “இது எப்ப கட்டினது?”

“வெள்ளக்காரன் காலத்துல சார்,” என்றேன். “நான் பொறந்ததே அந்தக் கடைசி காம்பராவுலதான்.”

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கேலி செய்கிறேனோ என்று பார்த்த மாதிரி இருந்தது. “இந்த ரோட்டுல நான் எத்தன வருஷமா வாறேன். ஒவ்வொரு வளைவும் எனக்கு மனப்பாடம். ரோஸ்லின், இது முந்தியும் இங்கதான் இருந்துச்சா?”

ரோஸ்லின் அம்மா இடது உள்ளங்கையை டாஷ்போர்டுக்குக் கீழே, முழங்கால் மட்டத்தில் பிடித்துக் காட்டினார். பிறகு அதைக் கண் மட்டத்துக்கு உயர்த்தினார். முன்பு இங்கே, இப்போது இங்கே. தாழ்ந்த காரில் அவர் கண்ணுக்கு எட்டியது தேயிலைச் செடியின் தண்டும் பாதையோரத் தண்ணீர்க் கானும்தான். அதைச் சொல்லிவிட்டு விசுவநாதன் சாரைப் பார்த்து நன்றாகச் சிரித்தார்.

அதற்குள் கீழே பீலியடியிலிருந்து ஒரு குரல் வந்தது. “ஏய், கணேசு! என்னடா ஜீப்புல எல்லாம் வாற?”

“யாரு?” என்றார் சார்.

“எங்க அக்கா சார்.” எனக்குக் கூச்சமாகிவிட்டது. “வேலையா வந்தேன்க்கா! கார்க்காரவுங்க!”

அக்கா கையை நெற்றியில் வைத்துப் பார்த்தாள். “வருஷா வருஷம் பெரிய சத்தம் போட்டுக்கிட்டுப் போவாங்களே, அவங்களா? சத்தந்தான் கேக்கும், ஒரு நாளும் காரு கண்ணுல பட்டதில்ல. எப்பிடியிருக்கும்னு பாக்கணும்னு புள்ளைங்க மேட்டுக்கு ஓடும், அதுக்குள்ள போயிடும்!”

விசுவநாதன் சார் இறக்கிவிட்ட கண்ணாடியை மேலே ஏற்றவில்லை. பங்களா வரும்வரைக்கும் ஜன்னல் வழியாகவே பார்த்துக்கொண்டு வந்தார். முற்றத்தில் இறங்கியதும் ஜீப்பை முன்னிருந்து பின்னாக, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, எங்கள் பாஸ் மாதிரியே ஒருமுறை சுற்றினார்.

“எப்பிடிடா இருக்கு?” என்றார் ஜெரோம் சார்.

“நல்ல வண்டி. கொக்கு இல்ல.”

வோட்டு நடந்தது. நான் ஜீப்பின் கண்ணாடியில் துணி கட்டிக்கொண்டே கேட்டேன். விசுவநாதன் சார் எதிராகவே கை தூக்கினார், அதுவும் கூட்டாளியின் முகத்தைப் பார்த்து. சட்டம் சட்டமாகவே இருந்தது. ஜீப் வரலாம், வரிசைக்குப் பின்னால் வரலாம், எண்ணிக்கையில் சேராது. ஜெரோம் சாருக்கு மனம் வலித்தது. அன்று மதியம் அவர் யாரோடும் சாப்பிட உட்காரவில்லை. அடுத்த வருடம் வரமாட்டார் என்றே நாங்கள் நினைத்தோம். ஆனால் வந்தார். ரோஸ்லின் அம்மா வீட்டில் இருக்க மறுத்துவிட்டாராம்.

சூசை பாஸ் அதற்குப் பிறகு அதிக காலம் வேலை செய்யவில்லை. தெமோதரையில் மகளோடு இருக்கிறார். அது கொக்கா இல்லையா என்று அவரிடம் நான் ஒரு தடவை கேட்டேன். “இருக்கலாம்” என்றார். நான் வேலையிலிருந்து நிற்கும்வரை அந்தத் துணி கட்டுகிற வேலையை நான்தான் செய்தேன். எங்கள் பிக்கப்பில் எல்லோருக்கும் பின்னால் போவேன். ஆகவே ஒவ்வொரு வருடமும் என் கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறேன்.

லயம் தெரியும் அந்த வளைவு வந்ததும் முன்னால் போகும் சிவப்புக் கார் நிற்கும். பின்னால் வரிசை முழுவதும் நிற்கவேண்டிவரும். கதவு திறக்கும். விசுவநாதன் சார் முதலில் ஒரு காலை வெளியே போட்டு, கூரையைப் பிடித்து, இன்னொரு காலை இழுத்து, முனகிக்கொண்டு அந்தப் பள்ளத்திலிருந்து எழும்பி நிமிர்வார். தேயிலை ஓரமாகப் போய் நின்று கீழே பார்ப்பார். பிள்ளைகள் மேட்டுக்கு ஓடிவந்து காரைச் சுற்றிக்கொள்வார்கள். மற்றவர்களும் ஒவ்வொருவராக, திட்டிக்கொண்டும் சிரித்துக்கொண்டும், தங்கள் தாழ்ந்த கார்களிலிருந்து ஏறி வெளியே வருவார்கள்.

கடைசியில் நிற்கும் ஜீப்பிலிருந்து ரோஸ்லின் அம்மா மட்டும் இறங்கமாட்டார். அவருக்கு எல்லாம் இருந்த இடத்திலிருந்தே தெரியும்.